சதுப்புக் குகையிலிருந்து திரும்பி வருதல்

கிரீடம் கைக்கு வந்துவிட்டது. அதற்குக் காவல் நின்ற மந்திரவாதிகள் மூன்று பேரும் விழுந்தாயிற்று. இனி ஏறி வெளியே போக வேண்டியதுதான் பாக்கி. முதல் ஃபைனல் ஃபேன்டசி என்ற வீடியோ கேமை ஆடிக்கொண்டிருந்த நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

மேல்தளத்தின் படிக்கட்டு திரையின் ஓரத்தில் தெரிகிற தூரத்தில் ஒரு புழுக்கூட்டம் வந்து மறித்தது. க்ரால் என்று பெயர். அடி ஒன்றும் பெரிதில்லை, ஆனால் பட்டால் கை கால் மரத்துப்போகும். ஃபைட்டர் மரத்துப்போனான். திருடன் மரத்துப்போனான். வெள்ளை மந்திரக்காரி கிரீடச் சண்டையிலேயே செத்திருந்தாள். கறுப்பு மந்திரக்காரனிடம் மந்திரம் தீர்ந்து, கையில் ஒரு கத்தி மட்டும் இருந்தது. அதை ஒரு முறை வீசினான், அப்புறம் அவனும் மரத்துப்போனான்.

அதற்குமேல் நான் செய்ய ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே அடியில் கொன்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் புழுக்கள் என்னைக் கொல்ல நாலைந்து நிமிடம் எடுத்துக்கொண்டன. கடைசியாக சேவ் செய்தது எல்ஃப்லாண்ட் என்ற ஊரின் விடுதியில். ஒன்றரை மணி நேர ஆட்டம் போயே போயிற்று.

இந்த ஆட்டம் 1987 டிசம்பரில் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வந்தது, 1990இல் வட அமெரிக்காவில் அதன் அங்கத்திய வடிவமான நெஸ்ஸுக்கு வந்தது. இயக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி, நிரல் எழுதியவர் நாசிர் கெபெல்லி. பிற்பாடு வந்த பதிப்புகளில் நிறைய இடைஞ்சல்களைச் சரிசெய்துவிட்டார்கள். நான் பிடிவாதமாகப் பழைய நெஸ் வடிவத்தைத்தான் விளையாடினேன். ஆகவே கீழே சொல்லும் வலி எல்லாம் அந்த வடிவத்தின் வலி.

அதில் குகைக்குள் சேவ் கிடையாது. ஊர் விடுதியில் தூங்கினால் சேவ் ஆகும். இல்லாவிட்டால் வெளி வரைபடத்தில் டென்ட், கேபின், ஹவுஸ் என்று ஏதாவது ஒன்றைப் போட்டுப் படுக்கலாம். மந்திரத்துக்கு எம்பி என்ற மந்திரப் புள்ளிக் கணக்கும் இல்லை. முதல் நிலை மந்திரம் இத்தனை தடவை, இரண்டாம் நிலை இத்தனை தடவை என்று எண்ணிக்கைதான், அதுவும் எந்த நிலைக்கும் ஒன்பதைத் தாண்டாது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். குடித்தால் மந்திரம் ஏறும் மருந்து ஆட்டத்திலேயே இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குகை என்பது என்ன என்று புரியும். கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிற மாதிரி. கயிறு எவ்வளவு நீளமோ அதில் பாதி ஆழம்தான் இறங்க முடியும். இது எனக்குப் புரிய நான்கு சாவு தேவைப்பட்டது.

என் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு நான்கு எழுத்துதான் இடம், அதுவும் ஆங்கிலத்தில். ஃபைட்டருக்கு ராஜா, திருடனுக்கு மணி, வெள்ளை மந்திரக்காரிக்கு ராணி, கறுப்பு மந்திரக்காரனுக்கு ரவி என்று வைத்தேன். திருடனை ஏன் சேர்த்தாய் என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. அவன் இந்த ஆட்டத்தில் எதையும் திருடுவதில்லை. திருடுகிற கட்டளையே கிடையாது. அடித்தால் ராஜாவின் பாதி, அடிபட்டால் இரண்டு மடங்கு. ஆனாலும் அவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று சாவும் கிரீடத்தின் அருகில்கூடப் போகாமல் நடந்தவை. சதுப்புக் குகைக்கு நிறைய ஹீல் மருந்து வேண்டும் என்று தெரியும். ஒன்று 60 காசு, ஏறக்குறைய 30 ஹெச்பி ஏற்றும். விஷத்துக்கு ப்யூர், 75 காசு. கடையில் ஒன்றொன்றாகத்தான் வாங்க வேண்டும். எத்தனை வேண்டும் என்று கேட்கவே மாட்டான். தேர்ந்தெடு, சரியா, சரி, நன்றி, வேறென்ன? மறுபடியும் தேர்ந்தெடு. ஒரு வகையில் 99 வரைதான் வைத்துக்கொள்ள முடியும், ஆனால் 20 தாண்டுவதற்குள் கட்டைவிரல் கெஞ்சும். முதல் தடவை பொறுமை இல்லாமல் 12 வாங்கிக்கொண்டு கிளம்பினேன். இரண்டாவது தளத்தில் செத்துவிட்டேன். அடுத்த தடவை 25. பிறகு 40. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனேனே தவிர, எங்கே செலவாகிறது என்று பார்க்கவில்லை.

மூன்றாவது சாவுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு சண்டைக்கும் எத்தனை மருந்து, எத்தனை மந்திரம் என்று குறித்தேன். அப்போதுதான் ஸ்கம் என்கிற பச்சைக் களி பிராணி என்னை எப்படித் தின்கிறது என்று தெரிந்தது. அதை வாளால் வெட்டினால் ஒன்று, ஒன்று என்றுதான் குறையும். தீயோ பனியோ போட்டால் உருகிவிடும். நான் பெருமையாக ரவியை விட்டுத் தீ போட்டுக்கொண்டிருந்தேன். குகையின் பாதி வழிக்குள் அவன் சரக்கு காலி. தப்பித்தவறி அது நம்மைத் தொட்டால் விஷம் வேறு. விஷம் ஏறியவன் நடக்க நடக்க ஹெச்பி இறங்கும். அதைக் கவனிக்காமல் விட்டால், சண்டையே இல்லாமல் ஐந்தாறு மருந்து போய்விடும். இத்தனைக்கும் அந்தக் களியைக் கொன்றதில் எனக்கு வந்த லாபம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஒரு நண்பன் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன்டா வர்றதையெல்லாம் அடிக்கிற? ஓடேன்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஓடுவதற்கா வாள் வாங்கினேன்? ஆனால் தாளைப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. ஓடுவது எப்போதும் பலிக்காது. ஓட முயன்று முடியாமல் ஒரு சுற்று அடிவாங்குவது எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் மொத்தக் கணக்கில் களிகளையும் புழுக்களையும் கண்டால் ஓடியதுதான் மலிவாக முடிந்தது.

இன்னொரு செலவு இன்எஃபெக்டிவ். இந்தச் சொல்லைத் திரையில் பார்த்துப் பல்லைக் கடிக்காதவர் பழைய பதிப்பை விளையாடியவர் இல்லை. நான்கு பேரையும் ஒரே எதிரியை அடிக்கச் சொல்கிறீர்கள். ராஜா அடித்ததிலேயே அது செத்துவிட்டது. மிச்சம் மூன்று பேரும் பக்கத்தில் நிற்கும் அடுத்த எதிரியை அடிக்க மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக ஓரடி முன்னே வந்து, வெற்றிடத்தில் வாளை வீசிவிட்டு, இன்எஃபெக்டிவ் என்று எழுதிக் காட்டிவிட்டு, திரும்பிப் போய் நிற்பார்கள். எதிரி ஐந்து பேர் இருந்தால் நான்கு பேர் நிதானமாக நம்மை அடிப்பார்கள். பிற்காலப் பதிப்புகளில் அடி தானாக அடுத்தவனுக்குத் திரும்பிவிடும். இந்த ஒரு மாற்றத்தாலேயே ஆட்டம் பாதி சுலபமாகிவிட்டது என்பேன். சிலர் இதைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுவார்கள். அவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. ஏனென்றால் இந்த எரிச்சல்தான் எனக்கு எதிரியின் கணக்கைக் கற்றுக்கொடுத்தது. இது ராஜாவுக்கு ஓர் அடி, இது இரண்டு அடி, இதற்கு ராஜாவும் மணியும் சேர்ந்து வேண்டும் என்று மனப்பாடம் ஆகிவிட்டது. அடியைப் பங்கிட்டுக் கொடுக்கக் கற்றபின் சண்டை ஒவ்வொன்றும் ஒரு சுற்று குறைந்தது. ஒரு சுற்று குறைந்தால் இரண்டு மருந்து மிச்சம்.

வரிசையும் முக்கியம். எதிரியின் அடி நான்கு பேருக்கும் சமமாக விழுவதில்லை. ஏறக்குறைய பாதி அடி முதலில் நிற்பவனுக்கு, அடுத்தவனுக்குக் கால்வாசி, மிச்சத்தைக் கீழே இருக்கும் இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். எனவே நல்ல கவசத்தை நான்கு பேருக்கும் பிரித்துக் கொடுத்துக் காசைக் கரைக்காமல், முதல் ஆளுக்கே கொட்டுவது மேல். மணியை இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு இறக்கினேன். ராணி இரண்டாம் இடத்துக்கு வந்தாள். விநோதமாகத்தான் இருந்தது, ஆனால் மணி சாவது குறைந்தது.

சரி, பணம். எல்ஃப்லாண்டில் வெள்ளி வாள் 4000 காசு. அதை வாங்காமல் கிரீடத்துக்குப் போவது வீண் வேலை என்பது என் கருத்து. காசுக்கும் லெவலுக்கும் ப்ரவோகா ஊருக்கு வடகிழக்கே ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துக்குப் போனேன். விளையாடுபவர்கள் அதைப் பலத்தின் தீபகற்பம் என்பார்கள். உலக வரைபடத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, இந்தச் சதுரத்தில் இன்ன பிராணி என்று வைத்திருக்கிறார்கள். அந்த நிலத்தின் நுனி பக்கத்துச் சதுரத்துக்குள் போய்விட்டது. அதனால் ஆட்டத்தின் பிற்பகுதியில் வர வேண்டிய ட்ரோல் போன்ற பிராணிகள் எல்லாம் அங்கே உலாவும். இரண்டு சண்டை, உடனே ஊர், தூக்கம், மறுபடியும் இரண்டு சண்டை. சலிப்பான வேலைதான். ஆனால் குகைக்குள் ஐந்து மணி நேரம் செத்துச் செத்துப் பிழைப்பதற்கு அங்கே ஒரு மணி நேரம் மேல். ஒன்று மட்டும், அங்கே இரவு நெடுநேரம் உட்கார வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் விடுதிக்குப் போகாமல் மூன்றாவது சண்டைக்குப் போய்ச் சேர்த்த காசை எல்லாம் தொலைத்தவன் சொல்கிறேன்.

நான்காவது தடவைதான் கிரீடம் எடுத்துப் புழுக்களிடம் செத்தது. அதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். ஐந்தாவது தடவை போனபோது திட்டத்தை மாற்றினேன்.

குகை வாசலில் டென்ட் போட்டேன். 75 காசுதான். மந்திரத்தை ஏற்றாது, கொஞ்சம் ஹெச்பி ஏற்றும், ஆனால் சேவ் ஆகும். வழியில் நடந்து வந்த நேரமாவது மிச்சம். பிறகு உள்ளே போனது கிரீடத்துக்காக அல்ல, பெட்டிகளுக்காக. கடைசித் தளத்தில் கட்டம் கட்டமாகச் சின்னச் சின்ன அறைகள். பல அறைகள் காலி, சிலவற்றில் பெட்டி, சிலவற்றுக்கு மாயச் சாவி வேண்டும். அந்தச் சாவி பிறகுதான் கிடைக்கும். எது எது என்று தாளில் கட்டம் போட்டுக் குறித்தேன். கிரீடம் இருக்கும் அறையின் வாசல் வரை போனேன். பையில் 60 ஹீலோடு வந்தவனிடம் அப்போது 31 இருந்தது.

திரும்பினேன்.

அப்படித் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாலு எட்டு எடுத்து வைத்தால் கிரீடம். ராஜா முழு பலத்தோடு இருந்தான். ஆனால் மந்திரவாதிகள் எப்படியும் 10, 15 மருந்தை வாங்கிவிடுவார்கள். வந்த வழிக்கு 29 ஆயிற்று என்றால் போகிற வழிக்கும் அவ்வளவு வேண்டும். கணக்கு உதைத்தது. மேலே ஏறி வாசலுக்கு வந்தபோது பையில் 6 இருந்தது. ஊருக்குப் போய்த் தூங்கினேன். பெட்டியில் எடுத்ததெல்லாம் என்னுடையதாகிவிட்டது. திறந்த பெட்டி திறந்ததுதான், இனி அதற்காக ஒரு அடிகூட நடக்க வேண்டாம். அதுவரை நான் குகையிலிருந்து உயிரோடு வெளியே வந்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஆறாவது தடவை வழி தெரியும், பெட்டி ஆசை இல்லை. களியைக் கண்டால் ஓட்டம், புழுவைக் கண்டால் ஓட்டம். ரவி ஒரு மந்திரம்கூடப் போடாமல் கிரீட அறை வரை வந்தான். முதல் சுற்றிலேயே எதிரிகள் எல்லார் மேலும் விழும் மின்னல் மந்திரம் லிட்2. அடுத்து ராஜாவுக்கு ஃபாஸ்ட். ஃபாஸ்ட் போட்டால் அவன் அடிக்கும் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு மந்திரம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். முன்பு பத்து நிமிடம் இழுத்த சண்டை நான்கு சுற்றில் முடிந்தது. திரும்பும் வழிக்கு மருந்து 38 இருந்தது. புழுக்கூட்டம் மறுபடியும் வந்தது. ஓடினோம். முதல் தடவை முடியவில்லை. ராஜா மரத்துப்போனான். இரண்டாம் தடவை முடிந்தது.

வெளியே வந்தவுடன் டென்ட் போட்டேன். நல்ல வேளை. கிரீடத்தைக் கேட்ட அரசன் இடிந்த கோட்டையில் உட்கார்ந்திருப்பான். அதை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றி சொல்லமாட்டான். நான்தான் ஆஸ்டோஸ் என்று சண்டைக்கு வருவான். அவன் போடும் முதல் மந்திரம் ரப். பெயருக்கேற்ற மாதிரி ஆளை அழித்துவிடும், ஹெச்பி எவ்வளவு இருந்தாலும் சரி. ராஜா போனான். அவன் இல்லாமல் மற்றவர்கள் ஆஸ்டோஸை அடிப்பது கொசுவிரட்டுவதற்குச் சமம். மறுபடியும் டென்டிலிருந்து தொடங்கினேன், இரண்டு நிமிட நஷ்டம்தான். இரண்டாம் தடவை ரப் மணியின் மேல் விழுந்தது. இந்த உதவியை அவனிடம் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆஸ்டோஸிடம் கற்றது பின்னால் பெரிதாக உதவியது. இந்த ஆட்டத்தில் பாஸ்கள், அதாவது பெரிய எதிரிகள், மந்திரத்தை நினைத்த மாதிரி போடுவதில்லை. ஆளுக்கொரு பட்டியல் இருக்கும், வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகப் போடுவார்கள். எந்தச் சுற்றில் மந்திரம் போடுவான், எந்தச் சுற்றில் கையால் அடிப்பான் என்பதுதான் குருட்டாம்போக்கு. ஒரு பாஸிடம் தோற்றால் திட்டுவதற்கு முன்னால் அவன் என்னென்ன போட்டான் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதே வரிசைதான் வரும்.

நடுவில் உள்ள குகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மண் குகையின் முதல் தளத்தில் ஒரு நடைபாதை உண்டு, அடிக்கு ஒரு சண்டை. ராட்சதர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தெரியாமல் நுழைந்தால் நரகம். தெரிந்து நுழைந்தால் சம்பளம், ஒரு ராட்சதனுக்கு 879 அனுபவப் புள்ளி. அந்தக் குகையின் பாஸான லிச்சுக்கு 400 ஹெச்பிதான். ஃபாஸ்ட் போட்ட ராஜாவிடம் அவன் நிற்கவில்லை. குர்கு எரிமலையில் தரையே சுடும், அதற்கு மருந்து வேண்டும், அவ்வளவுதான்.

பனிக்குகைதான் வேறு ஜாதி. அங்கே மருந்துக் கணக்கு செல்லாது. தொட்டால் கல்லாக்கும் காக்கட்ரைஸ், ரப் போடும் மேஜ், தொட்டதும் கொல்லும் சார்சரர், இதெல்லாம் ஹெச்பியைக் குறைப்பதில்லை, ஆளையே குறைக்கின்றன. கல்லானவனை மீட்கும் சாஃப்ட் மருந்து ஒன்று 800 காசு, அதையும் சண்டைக்குள் குடிக்க முடியாது. செத்தவனை எழுப்பும் லைஃப் மந்திரமும் சண்டைக்குள் செல்லாது. எதிரிகள் முந்திக்கொண்டார்கள் என்று திரையில் வந்தால் அந்த ஒரு சுற்றிலேயே இரண்டு பேர் போய்விடலாம். இதற்கு வழி என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எதையும் அடிக்காதே, நேராகப் போ, ஓடு, திரும்பு. வழியை மனப்பாடம் செய்து, ஒரு அடிகூட வீணாக வைக்காமல் போக வேண்டும். ஓர் இடத்தில் ஓட்டையில் வேண்டுமென்றே விழுந்தால்தான் மேற்கொண்டு வழி. நான் நான்கைந்து தடவை செத்தேன். அதில் இரண்டில் என் தப்பு எதுவுமே இல்லை. திறமைக்கும் இந்தக் குகைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று ஒப்புக்கொண்டபிறகுதான் எரிச்சல் அடங்கியது. சிலர் இதை நல்ல வடிவமைப்பு என்பார்கள். நான் சொல்ல மாட்டேன்.

அங்கேதான் ஹவுஸ் என்னை ஏமாற்றியது. 3000 காசு கொடுத்து வாங்கினேன், ஏனென்றால் அது மந்திரத்தையும் ஏற்றும். வாசலில் போட்டுப் படுத்தேன், சேவ் செய்தேன், பார்த்தால் எல்லா மந்திரமும் நிரம்பியிருந்தது. உள்ளே போனேன், செத்தேன். சேவிலிருந்து திரும்பினால் மந்திரம் எல்லாம் பழையபடி காலி. முதலில் நான்தான் ஏதோ குழப்பிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நெஸ் பதிப்பில் ஹவுஸ் முதலில் சேவ் செய்கிறது, அப்புறம்தான் மந்திரத்தை நிரப்புகிறது. பரிகாரம் சுலபம். ஹவுஸில் தூங்கி எழுந்ததும் கையோடு ஒரு டென்டையும் போட்டுப் படுத்துவிடுங்கள். நிரம்பிய மந்திரத்தோடு சேவ் ஆகிவிடும்.

இப்படி அந்தப் பதிப்பில் இன்னும் சில பழுதுகள் உண்டு. அடியின் பலத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் டெம்பர், சேபர் இரண்டும் ஒன்றுமே செய்யாது. நான் டெம்பரைக் காசு கொடுத்து வாங்கி, கிரீடச் சண்டையில் இரண்டு சுற்று ராஜாவுக்குப் போட்டு, ஏன் அடி ஏறவில்லை என்று முழித்தவன். அறிவு என்று ஒரு எண் லெவலுக்கு லெவல் ஏறும், அதற்கும் மந்திரத்தின் வலுவுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மந்திரம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஊருக்குப் பக்கத்தில் சில்லறைப் பிராணிகள் மேல் போட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் குகைக்குக் கொண்டுபோங்கள்.

டிராகன்களின் அரசன் பஹாமுத் எங்களுக்குப் பட்டம் கொடுத்தபிறகு ராஜா நைட் ஆனான், மணி நிஞ்சா ஆனான். சோதனைக் கோட்டையில் கிடைத்த ஹீல் தடியைச் சண்டையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் காட்டலாம், எல்லாருக்கும் கொஞ்சம் ஏறும், மந்திரம் செலவாகாது. ஒவ்வொரு சண்டையிலும் கடைசி எதிரி ஒன்றை, அதுவும் நோஞ்சானாகப் பார்த்து, உயிரோடு விட்டுவைத்து ராணி தடியைக் காட்டிக்கொண்டே இருப்பாள். கேவலமான தந்திரம்தான். ஆனால் மருந்துச் செலவு பாதியாகக் குறைந்தது.

கடைசிக் கோயில் இரண்டாயிரம் வருடம் பின்னால் இருக்கிறது. கீழே இறங்க இறங்க லிச் முதலாக நாம் கொன்ற நான்கு பூதங்களும் மறுபடி வருகின்றன. முடிவில் கேயாஸ், 2000 ஹெச்பி. அதுவரை எண்ணி எண்ணிப் பழகியவன் நான். மந்திரத்தைத் தொடாமல், தடியையும் மருந்தையும் வைத்தே இறங்கினேன். கேயாஸின் முன் நின்றபோது ரவியிடமும் ராணியிடமும் மேல்நிலை மந்திரம் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பெருமையாக இருந்தது.

எதிரியின் ஹெச்பி திரையில் தெரியாது. விழும் அடிகளைத் தாளில் கூட்டிக்கொண்டே போனேன். 410. 790. 1130. ராணி நடுநடுவே ஹெச்பி ஏற்றும் ஒரு கியூர், ரவி ஒரு ஃபாஸ்ட். பெரிய மந்திரத்தைத் தேவைப்படும்போது போடலாம் என்று கை தயங்கிக்கொண்டே இருந்தது. 1420. 1640. இன்னும் ஒரு சுற்றுதான் என்று நினைத்தேன். கேயாஸ் கியூர்4 போட்டான். முழு ஹெச்பி.

தாளைக் கசக்கிப் போட்டேன். அதற்கப்புறம் நாலு சுற்றுகூட நிற்கவில்லை. செத்து விழுந்தபோது அந்த மந்திரங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எதற்காகச் சேர்த்தேன்? இந்தக் குகையிலிருந்து திரும்பி நடக்கும் வழி என்று ஒன்று இல்லை. கேயாஸ் செத்தால் ஆட்டம் முடிந்தது. ஆனாலும் என் கை சதுப்புக் குகையிலேயே நின்றுவிட்டது. திரும்பும் வழிக்கு என்று பாதியை எடுத்து வைத்திருக்கிறது.

கசக்கிய தாளைப் பிரித்துப் பார்த்தேன். கேயாஸ் போட்ட மந்திர வரிசை: ஐஸ்3, லிட்3, ஸ்லோ2, கியூர்4. கியூர்4 நான்காவது. அவன் மூன்று மந்திரம் போடுவதற்குள் 2000 அடித்துவிட வேண்டும், அல்லது நான்காவது வந்தபின் மறுபடி தொடங்கத் தெம்பு வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த தடவை கோயிலில் கிடைத்த மசமூனே வாளை மணிக்குக் கொடுத்தேன். அதை யார் வேண்டுமானாலும் ஏந்தலாம், ராஜாவிடம் ஏற்கெனவே எக்ஸ்காலிபர் இருந்தது. இன்னொரு விஷயத்தை நான் அதுவரை கவனிக்கவே இல்லை: நிஞ்சாவாகிவிட்ட மணிக்கு நான்காம் நிலை வரை கறுப்பு மந்திரம் வரும். ஃபாஸ்ட் நான்காம் நிலை. முதல் சுற்றில் ரவி ராஜாவுக்கு ஃபாஸ்ட் போட்டான், மணி தனக்குத்தானே போட்டுக்கொண்டான். ராணி எல்லாருக்கும் காப்பு மந்திரங்கள் போட்டாள், இன்வி2, அடுத்து ஃபாக்2. அதற்கப்புறம் ரவியும் ராணியும் வைத்திருந்ததை எல்லாம் மேலிருந்து கீழாகக் கொட்டினார்கள். கியூர்4 என்பதை யோசிக்காமல் போட்டாள். 380. 960. 1510. ஸ்லோ2 வந்தது, அவனுடைய மூன்றாவது. அடுத்த சுற்றில் ராஜாவின் வாள் பட்டது, தாளில் 1830. கேயாஸ் ஓரடி முன்னே வந்தான். மந்திரம் போடுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கையால் ரவியை அடித்தான், ரவி விழுந்தான். மணியின் முறை.

அவன் ஆறு தடவை வெட்டினான். கேயாஸ் கரைய ஆரம்பித்தபோது ராணியிடம் கீழ்நிலைக் கியூர் இரண்டே இரண்டு பாக்கி இருந்தது.